நாங்கள் செய்யும் பொம்மைகளைச் சோதியுங்கள்

தமிழ்நாட்டு மக்களுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தை இருக்கும் வீட்டாருக்கு:

நாங்கள் வீட்டிலும் சின்னப் பட்டறைகளிலும் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்கள் செய்து பிழைக்கிறவர்கள். கடைசல் பிடித்து மரச்சொப்பு செய்கிறவர்கள், நடைவண்டி செய்யும் ஆசாரிகள், பனையோலைக் கிலுகிலுப்பை முடைகிறவர்கள், துணிப்பொம்மை தைக்கிறவர்கள், குரோஷா ஊசியில் யானையும் முயலும் பின்னுகிறவர்கள் என்று பல கைகள் இதில் இருக்கின்றன. எங்களில் பெரும்பாலோர் பெண்கள். சமையலும் பிள்ளைகளும் போக மிஞ்சும் நேரத்தில் செய்யும் வேலை இது. இதில் வரும் பணத்தில்தான் பலர் வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிறோம்.

14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்யும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முத்திரை இல்லாமல் செய்வதும் விற்பதும் குற்றம். முதல் தவறுக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை என்று 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவன (பி.ஐ.எஸ்.) சட்டத்தில் எழுதினார்கள். ஒரு துணிப்பொம்மையை 250 ரூபாய்க்கு விற்கும் ஒருத்தி இதைப் படித்தால் அன்றைக்குத் தூங்கமாட்டாள்.

ஆனாலும் இந்த ஆணையை எடுத்துவிடுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. இந்த ஆணை ஏன் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் டெல்லி வட்டாரச் சந்தையில் 121 வகைப் பொம்மைகளை எடுத்துச் சோதித்தது. இறக்குமதியாகி வந்த அந்தப் பொம்மைகளில் ஏறத்தாழ 67 சதவீதம் தேறவில்லை. விலை மலிவு என்று நாம் வாங்கிக் கொடுத்தவை அவைதான். பெயிண்டில் ஈயம் இருந்தால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடம்புக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. இது தெரிந்தும் சோதனை வேண்டாம் என்று சொன்னால், நாங்கள் பொம்மை செய்வதற்குத் தகுதியில்லாதவர்கள்.

கையால் செய்தது, இயற்கையானது, அதனால் ஆபத்தில்லை என்ற பேச்சை எங்கள் தொழிலில் இருப்பவர்களே நிறையப் பேசுகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை. ஹார்டுவேர் கடையில் எனாமல் வாங்கி மரக்குதிரைக்கு அடித்தால், அந்த டப்பாவில் என்ன இருந்ததோ அதுதான் குழந்தையின் வாய்க்குள் போகும். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் பயன்படும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் இருக்கிறது. டப்பாவில் அதை அச்சிடவும் வேண்டும். தொழிற்சாலைகளுக்கான பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் பெயிண்டில் எது எது என்று யாருக்குத் தெரியும்? மஞ்சள்தூளில் போடும் சாயம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பளபளப்புக்காக மஞ்சளில் ஈய குரோமேட் கலந்து விற்றது தெற்காசியாவில் ஆய்வுகளில் அகப்பட்டிருக்கிறது.

தரவிதிகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் உண்டு. துணிப்பொம்மையின் கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சட்டைப் பொத்தானைத்தான் கண்ணாக வைத்துத் தைப்போம். பார்க்க அழகாக இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையிலிருந்து எந்தத் துண்டு கழன்று வந்தாலும், அது 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளைக்குள் முழுசாக அடங்கிவிடக் கூடாது என்பது விதி. அந்த உருளை, சிறு குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து வகுத்த அளவு. பொத்தானை இழுத்தும் திருகியும் பார்த்துச் சோதிப்பார்கள். பொத்தான் எத்தனை கெட்டியாக இருந்தாலும், துவைத்துத் துவைத்து நூல் நைந்தால் ஒருநாள் கழன்றுவிடும். அதனால் எங்களில் தைப்பவர்கள் பொத்தானை விட்டுவிட்டு நூலாலேயே கண் போடுகிறார்கள். கறுப்பு நூலில் சங்கிலித் தையலைச் சுற்றிச் சுற்றி நெருக்கமாகப் போட்டு, நடுவில் வெள்ளை நூலில் ஒரே ஒரு முடிச்சு. நேரம் அதிகம் பிடிக்கிறது. ஆனால் குழந்தை நாளெல்லாம் சப்பினாலும் கழன்று வர அதில் ஒன்றுமில்லை. இப்படி மாற்றுங்கள் என்று எங்களுக்கு எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை. விதியைப் படித்து நாங்களே மாற்றிக்கொண்டோம்.

பிறகு எங்கேதான் இடிக்கிறது? முத்திரை வாங்கும் வழியில் இடிக்கிறது. உரிமம் ஒரு தொழிற்கூடத்துக்கு, அதாவது ஒரு முகவரிக்குத்தான் தருவார்கள். எங்கள் வேலை அப்படி ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. ஒரு வீட்டில் துணி வெட்டுவார்கள். அடுத்த தெருவில் தைப்பார்கள். பஞ்சு அடைத்து வாய் மூடுவது இன்னொரு வீட்டுத் திண்ணையில். இதில் எந்த வீட்டின் பெயரில் உரிமம் எழுதுவது? அடுத்தது, பெரிய கம்பெனி ஒரே அச்சில் லட்சம் பொம்மை வார்க்கும். ஒரு சோதனைக்கு ஆகும் செலவு அத்தனை பொம்மைக்கும் பரவிவிடும். நாங்கள் ஒரு தினுசில் பத்தோ இருபதோ செய்வோம். அடுத்த மாதம் வாடிக்கையாளர் பச்சை ஆமை கேட்பார். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகளைக் கொடுத்தால் இழுத்தும் எரித்தும் கரைத்தும்தான் பார்ப்பார்கள், பொம்மை திரும்பி வராது. பத்து ஆமை செய்கிற இடத்தில் எத்தனை ஆமையைச் சோதனைக்குக் கொடுப்பது? குறுந்தொழில் செய்கிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும், சொந்தச் சோதனைக்கூடம் வைப்பதில் தளர்வும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் அது ஒரு சின்னத் தொழிற்சாலைக்குத்தான் உதவும். நாலு தெருவில் சிதறிக் கிடக்கும் எங்களை எட்டவில்லை.

விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2020 டிசம்பரில் ஆணையைத் திருத்தி, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு கொடுத்தார்கள். அதனால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் கர்நாடகத்தின் சன்னபட்டணா மரப்பொம்மையும் தப்பின. எங்களில் பெஹ்சான் என்ற கைவினைஞர் அடையாள அட்டை வாங்கியவர்களும் தப்பினார்கள். அட்டை வாங்காதவர்கள் உடனே விண்ணப்பியுங்கள் என்று எங்கள் ஆட்களுக்கே இங்கே சொல்லிவைக்கிறோம். ஆனால் தையல் மிஷினில் பொம்மை தைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணும், அங்கன்வாடிக்கு மரக்கட்டை எழுத்துகள் செய்து தரும் இளைஞரும் தங்களைக் கைவினைஞர் என்று நிரூபிக்கப் படாதபாடு படுகிறார்கள். அட்டை இருந்தாலும் சில கடைக்காரர்கள் முத்திரை இல்லாத பொருளைத் தொடவே பயப்படுகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விலக்கு எங்கள் பிழைப்பைக் காப்பாற்றுகிறது. விலக்குப் பெற்ற பொம்மையைக் கடிக்கும் குழந்தையை யார் காப்பாற்றுவது? எங்களுக்கு வேண்டியது, எங்களால் நடந்து போக முடிகிற ஒரு சோதனை வழி.

அப்படி ஒரு வழி போட முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. 2007-இல் அங்கே ஈயப் பெயிண்ட் அடித்த பொம்மைகளைப் பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றன. பெற்றோர் கொதித்துப்போனார்கள். 2008 ஆகஸ்டில் கடுமையான சட்டம் வந்தது. 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான பொருள் எதுவானாலும் வெளி ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்றது அது. தவறு செய்தவை பெரிய கம்பெனிகள். மூடும் நிலைக்கு வந்தவர்கள் வீட்டில் குழந்தைச் சட்டை தைத்தவர்களும் மரப்பொம்மை செதுக்கியவர்களும். அவர்கள் ஒன்று கூடி அரசுக்கும் பொதுமக்களுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சாயம் பூசாத மரத்துக்கும் பருத்திக்கும் ஈயச் சோதனை தேவையில்லை என்று 2009-இல் முடிவானது. பெயிண்ட், பொத்தான் போன்றவற்றைத் தனியாக ஒருமுறை சோதித்துச் சான்று இருந்தால், அவற்றைக் கொண்டு செய்த பொருளுக்கு அந்தச் சான்றே போதும் என்றும் வழி செய்தார்கள். 2011-இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டாமல், ஒரு பொருளை 7,500-க்கு மேல் செய்யாமல் இருப்பவர்கள் பதிந்துகொண்டால் வெளிச்சோதனைகள் பலவற்றிலிருந்து தளர்வு. ஆனால் பெயிண்டில் உள்ள ஈயத்துக்கும், மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையில் உள்ள சிறு துண்டுகளுக்கும் தளர்வு கிடையாது. குழந்தைக்கான அளவுகோலில் மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. நிரூபிக்கும் முறையை மட்டும் சின்னவர்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நாங்கள் கேட்பதும் அதுதான்.

இதில் உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. எங்களிடம் வாங்கும்போது கேள்வி கேளுங்கள். இது என்ன மரம், என்ன பெயிண்ட், டப்பாவைக் காட்டு, உள்ளே அடைத்தது என்ன பஞ்சு என்று கேளுங்கள். கண்ணையும் காதையும் சக்கரத்தையும் இழுத்துப் பாருங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பதில் சொல்லத் தெரியாதவர் எங்களில் ஒருவராக இருந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் எங்கள் நடைவண்டியில் ஆணி தலைதூக்கியிருந்தாலோ, பொம்மையில் தையல் விட்டிருந்தாலோ குழந்தையிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம். எந்த இடம் விட்டது என்று தெரிந்தால் அடுத்த பொம்மையில் அதைச் சரிசெய்வோம்.

பாலிடெக்னிக் ஆசிரியர்களும் கல்லூரி வேதியியல் துறையினரும் ஒரு உதவி செய்ய வேண்டும். ஈயத்தைச் சில நிமிடங்களில் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உங்கள் வளாகத்தில் இருந்தால், மாதத்தில் ஒருநாள் எங்கள் பெயிண்ட் மாதிரிகளுக்கு ஒதுக்குங்கள். அது முத்திரைக்கு ஈடாகாது என்று தெரியும். ஆனால் கெட்ட டப்பாவை அன்றைக்கே தூக்கி எறிய எங்களுக்கு அது போதும்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஓர் ஊரில் சேர்ந்து வேலை செய்யும் குழுவை, வீடுகள் வேறு வேறாக இருந்தாலும், ஒரே தொழிற்கூடமாகக் கருதி உரிமம் தரச் சொல்லுங்கள். சான்று பெற்ற பெயிண்டையும் துணியையும் கொண்டு செய்த பொருளுக்கு அந்தச் சான்றையே ஏற்கச் சொல்லுங்கள். சாயமில்லாத மரத்துக்கும் பருத்திக்கும் வேதியியல் சோதனை வேண்டாம் என்று அறிவிக்கச் சொல்லுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு மேசையாவது போட்டு, உருளையும் இழுவைக் கருவியும் வைத்து, நாங்கள் பொருளோடு வந்து சோதித்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கடிதம் தமிழில் இருந்தால் போதும். ஊர்ப் பெயரையும், வீட்டில் எத்தனை வயதுக் குழந்தை இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கையால் குழந்தைப் பொருட்கள் செய்யும் உங்கள் ஊர்க்காரர்கள்