கிளித்தட்டுக்குச் சுற்றுப்போட்டி வேண்டும்: ஆட்டக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

வடமாகாண விளையாட்டுத் திணைக்களத்துக்கும், யாழ் குடாநாட்டின் வலயக் கல்விப் பணிமனைகளுக்கும், ஊர்தோறும் உள்ள விளையாட்டுக் கழகங்களுக்கும்:

கிளித்தட்டை முறையான போட்டி விளையாட்டாக்குங்கள். பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் ஒரு பின்னேரம் ஆடிவிட்டு, மறுநாள் மைதானத்தைக் கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் விட்டுக்கொடுத்தது போதும்.

இதைப் பொழுதுபோக்கு என்பவர்கள் ஒருமுறை தரையில் கோடு கீறி வகுத்த பெட்டிக்குள் இறங்கிப் பார்க்கட்டும். முன்னால் குறுக்குக்கோட்டில் மறிப்பவரின் விரித்த கைகள். அவர் அந்தக் கோட்டை விட்டு நகரமுடியாது. ஆனால் மறிக்கும் அணியின் தலைவரான கிளிக்கு நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடிவர உரிமை உண்டு. இடப்பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டி, வலப்பக்கம் பாய்ந்து, கை படாமல் அடுத்த பெட்டியில் கால்வைக்க வேண்டும். காயாக ஏறிக் கடைசிக் கோட்டைக் கடந்தவர் பழமாகித் திரும்பி இறங்கும்வரை மூச்சு வாங்க நேரமில்லை. வேகம், வளைவு, கணிப்பு மூன்றும் வேண்டிய ஆட்டம் இது.

கபடி 1990 இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்குப் போனது. கோ-கோவுக்கு 2025 தையில் டெல்லியில் உலகக்கிண்ணமே நடந்தது. இரண்டும் எங்களுடையதைப் போன்ற மண் தரையில் பிறந்தவைதான். அவற்றைத் தூக்கிவிட்ட சட்டக்கோவையும் பயிற்சிபெற்ற நடுவர்களும் ஆண்டு அட்டவணையும் கிளித்தட்டுக்கும் வேண்டும்.

ஆனால் சட்டம் எழுதும் பேனா ஆட்டக்காரர் கையில் இருக்கவேண்டும். எங்கள் முதன்மைக் கோரிக்கை இதுவே. பாரிஸ் புறநகரான லிஸ்ஸில் இளைஞர்கள் சுவரேறித் தாவி வளர்த்தது பார்க்கூர். 2017 இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் அதைத் தன் கீழ் எடுக்க முனைந்தது; 2022 இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியையும் நடத்தியது. பல நாடுகளின் பார்க்கூர் அமைப்புகள் எதிர்த்தன. தங்கள் விளையாட்டை இன்னொருவர் ஆள்வதை அவர்கள் ஏற்கவில்லை. அந்த நிலை எங்களுக்கு வரக்கூடாது. சட்டக்குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஆடுபவர்களாகவும், அவர்களில் பெண்கள் கணிசமாகவும் இருக்கவேண்டும்.

எழுதுமுன் கேளுங்கள். தட்டு எத்தனை, காயும் பழமும் எங்கே சந்திக்கலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபடும். 1990 இல் போரால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்த ஊர்களின் ஆட்டமுறைகளும் முகாம்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சிதறின. தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றைப் பதிவுசெய்யுங்கள். சுற்றுப்போட்டிக்கு ஒரே சட்டம் இருக்கட்டும். ஊர்த் திருவிழாவில் அந்தந்த ஊரின் முறையே நிலைக்கட்டும், அதில் எவரும் தலையிடக்கூடாது.

மெத்தை விரிப்பையும் சப்பாத்தையும் கட்டாயமாக்காதீர்கள். வெறுங்காலோடு வரும் பிள்ளை வாசலில் நிற்கக்கூடாது. அதற்குப் பதில் மைதானத்தில் கல்லும் நெருஞ்சியும் அகற்றி, மின்விளக்குப் போட்டு, முதலுதவி தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். பெண்கள் அணிக்கும் அதே மைதானம், அதே நாள், அதே பரிசு.

அடுத்த தைப்பொங்கலுக்கு முன் சட்டக்குழுவின் முதற்கூட்டத்தைக் கூட்டி, திகதியை எங்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.