ஒரே பானை போதும்

நோயாளியை வீட்டிற்கு அனுப்பும் நாளில் உணவு முறைத் தாள் ஒன்றைக் கொடுக்கிறோம். உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், நேரத்திற்கு உண்ணவும் என்று எழுத எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அதை நாள்தோறும் நிறைவேற்றுபவர் பெரும்பாலும் மனைவியோ, மகளோ, மருமகளோதான். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தாமும் வேலைக்குச் சென்று திரும்பி, நோயாளிக்கு ஒன்றும் மற்றவர்களுக்கு வேறொன்றுமாக இருமுறை சமைக்கிறார். மறுபரிசோதனையின்போது நோயாளியின் எடையைக் குறித்துக்கொள்கிறோம். அருகில் நிற்பவர் மெலிந்து வருவதை நாங்கள் பலமுறை கவனிக்கத் தவறியிருக்கிறோம்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தனிச் சமையல் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. வயது வந்த அனைவருக்கும் உரியது. நோயாளிக்கு நல்ல உணவு வீட்டாருக்கும் நல்லதே.

இதற்கு ஸ்லோ குக்கர் எனப்படும் மின்கருவி உதவும். பிரஷர் குக்கரில் அரை மணியில் முடிவதற்கு ஏன் எட்டு மணி நேரம் என்று கேட்கலாம். அந்த அரை மணியும் ஒருவர் விசிலை எண்ணிக்கொண்டு அடுப்பருகே நிற்க வேண்டும். இதற்குக் காவல் வேண்டாம். 200 வாட் கருவி எட்டு மணி நேரம் இயங்கினாலும் 1.6 யூனிட் மின்சாரமே செலவாகும். கருவி இல்லாதவர்கள் புதிதாக வாங்கவும் வேண்டியதில்லை. பிரஷர் குக்கரிலும் இதே முறையைப் பின்பற்றலாம்.

எடுத்துக்காட்டாக, இரவில் கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். காலையில் அந்த நீரை வடித்துவிட்டு, புதுநீரில் பத்து நிமிடம் அடுப்பில் கொதிக்கவிட்டு, வெங்காயம், பூண்டு, இஞ்சி, சீரகம், மஞ்சள்தூள் ஆகியவற்றுடன் கருவியில் இட்டுக் குறைந்த சூட்டில் விட்டுச் செல்லுங்கள். தக்காளியையும் புளியையும் மாலையில் கடலை வெந்த பின்னரே சேருங்கள். புளிப்பு முன்பே சேர்ந்தால் கடலை மென்மையாகாது. உப்பைக் கடைசியில் அளந்து இடுங்கள். உப்பு கூடுதலாக வேண்டும் என்பவர் தம் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். சோறோ சப்பாத்தியோ உடன் இருந்தால் இரவு உணவு முடிந்தது.

சில எச்சரிக்கைகள் அவசியம். ராஜ்மாவை ஊற வைத்து, நீரை வடித்து, புதுநீரில் பத்து நிமிடமேனும் தளதளவெனக் கொதிக்க வைக்காமல் ஸ்லோ குக்கரில் இடவே கூடாது. அதிலுள்ள நச்சு குறைந்த சூட்டில் அழியாது; கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். உறைந்த இறைச்சியை முழுதும் உருகிய பின்னரே சமையுங்கள். எஞ்சிய உணவை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியில் நெடுநேரம் இருந்த சோற்றில் உருவாகும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் போகாது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

தனிச் சமையல் தேவைப்படுவோரும் உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பு, கடலை, தக்காளி ஆகியவற்றின் அளவை உணவியல் வல்லுநர் வரையறுக்க வேண்டும். சோடியம் குறைந்த உப்பு எனக் கடைகளில் விற்பவை பலவற்றில் பொட்டாசியம் உண்டு. அவர்கள் அதை மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் வேறு பக்குவம் வேண்டும்.

குறை எங்களிடமும் உள்ளது. எதை உண்ண வேண்டும் என்று சொல்லும் நாங்கள், அதை யார் சமைப்பார், அவருக்கு நேரம் உண்டா, கையில் பணம் உண்டா, அவர் எப்போது உண்கிறார் என்று கேட்பதில்லை. இக்கேள்விகள் இல்லாத உணவு முறைத் தாள் அரைகுறை மருத்துவமே. அடுத்த முறை வரும்போது வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். எது முடியும், எது முடியாது என்பதை அவர் தயங்காமல் சொல்லட்டும். அதைக் கேட்ட பின்னரே நாங்கள் அந்தத் தாளை எழுத வேண்டும்.