பத்திரம் பதிஞ்சாச்சு, அப்புறம் என்ன?

போன மாதம் ஓர் அண்ணன் மஞ்சப்பையில் பத்திர நகல்களோடு வந்தார். பெங்களூரில் இருபது வருடம் கட்டட வேலை செய்து சேர்த்த காசு. செஞ்சி ரோட்டுப் பக்கம் ஒரு மனையைப் பார்த்து, இரண்டு லட்சம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். "பக்கத்து மனைக்கெல்லாம் பத்திரம் பதிஞ்சாச்சும்மா, அப்புறம் என்ன?" என்றார்.

நம் மக்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். நிலம் கைமாறியதைப் பத்திரப் பதிவு அலுவலகம் பதிவு செய்கிறது. விற்பவருக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்கிறது என்று அது உத்தரவாதம் தருவதில்லை. வில்லங்கச் சான்றும் அப்படித்தான். பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். அந்த நிலம் முதலில் யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்பதை அதில் தேட முடியாது.

அண்ணன் கொண்டுவந்த மூலப்பத்திரம் 1990களோடு நின்றுவிட்டது. அதற்கு முன்? தரகருக்குத் தெரியாதாம். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்த்தபோது அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே 'டி.சி.' என்று இருந்தது. பஞ்சமி நிலம்.

தோழர்களுக்கு வரலாறு தெரிந்திருக்கும். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கை, 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணை. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். ஆனால் நம் சித்தப்பா மனை வாங்கும்போது அந்தச் சர்வே எண்ணைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அண்ணன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நானும் எஸ்.சி. தானே, நான் வாங்கலாமே?" நேராக நம்மவரிடமிருந்து நம்மவருக்கு வந்திருந்தால் வாங்கலாம். இங்கே நடுவில் தலித் அல்லாத ஒருவர் எழுதி வாங்கி, பிளாட் போட்டிருக்கிறார். நிபந்தனை அங்கேயே மீறப்பட்டுவிட்டது. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் எப்படி விற்பார்? தாத்தாவுக்குக் கொடுத்த நிலத்தை, அதைப் பறித்தவரிடமே பேரன் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார். அரசு அதை மீட்டால், இவரும் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார்.

இணையத்தில் அ-பதிவேடு பார்த்தேனே, ஒன்றுமில்லையே என்பீர்கள். 1980களில் நடந்த யூ.டி.ஆர். பணியில் பல இடங்களில் 'டி.சி.' என்ற குறிப்பே காணாமல் போனது. அதனால் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கேட்க வேண்டும். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வீடு வாங்கும் வேலையில் இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

ஏன் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள்? ஊருக்குள் நமக்கு யாரும் மனை தருவதில்லை. எங்கள் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் செய்ததாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நம் ஆட்கள் அதே செங்கல்லையும் கம்பியையும் எப்படியோ சேர்த்துவிடுகிறார்கள், அடியில் நிலம்தான் இல்லை. 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனாலும் காலனியைத் தாண்டி வீடு கட்டும் ஆசையோடு போகிறவரிடம், "நாளைக்கு விலை ஏறிடும்" என்று தரகர் சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

இன்னும் சில. அங்கீகாரம் இல்லாத புதிய மனைப் பிரிவுகளைப் பதிய 2016 அக்டோபர் 20 முதல் தடை இருக்கிறது. "பவர் பத்திரம் போதும்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏரிப் புறம்போக்கு என்றால் பேச்சே வேண்டாம். இடிக்க வரும் பொக்லைன் முதலில் யார் வீட்டுக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். பத்திரத்தில் குறை சொல்லி வங்கி கடன் மறுத்தால், அங்கே காசு செலவில்லாமல் ஒரு வக்கீல் கருத்து கிடைத்துவிட்டது என்று பொருள். அதை விட்டுவிட்டுக் கந்துவட்டிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவை வெறும் பாண்டு பேப்பரில் எழுதி வாங்குவதும் வேண்டாம், நிபந்தனைகளைப் படியுங்கள். முடிந்தால் பெண் பெயரில் பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. குடித்துவிட்டு வீட்டை அடகு வைக்கும் கணவர்களைப் பார்த்த எனக்கு, அந்த ஒரு சதவீதம் பெரிய விஷயமில்லை.

அண்ணனின் இரண்டு லட்சம் இன்னும் வரவில்லை. அட்வான்ஸ் ரசீதில் சர்வே எண்கூட எழுதவில்லை. வரும் திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். அதே மனைப் பிரிவில் ஏற்கெனவே வாங்கிய நம்மவர்கள் ஆறு பேரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.