முன்பணம் வருமானமன்று

ஒவ்வொரு சங்கத்திலும் ஆய்வுக்கு உட்காரும்போது என் கைக்கு முதலில் வரும் காகிதம் தவணை தவறிய கடன்களின் பட்டியலாகும். அதில் நோயால் நொடித்த குடும்பத்தார் உண்டு. மழை பொய்த்ததால் விளைச்சல் இழந்தோர் உண்டு. நூல் விலை ஏறியதால் தறியை நிறுத்தியவரும் உண்டு. சில ஆண்டுகளாக வேறொரு வகையினரையும் அதில் காண்கிறேன். அவர்கள் வீட்டுக்காரர்கள். தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, இரண்டோ நான்கோ வரிசை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டவர்கள். நம் பக்கத்தில் இவற்றை ‘லைன் வீடு’ என்கிறோம். சோம்பேறிகளோ, வீண் செலவு செய்பவர்களோ அல்லர். எல்லோரும் நாணயஸ்தர்கள். அப்படியிருந்தும் அவர்கள் பெயர் ஏன் இந்தப் பட்டியலில் ஏறுகிறது என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெருந்துறைக்கு அருகே ஒரு விவசாய அங்கத்தினர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாக இருப்பதைக் கண்டு, 2018-ஆம் ஆண்டில் தென்னந்தோப்பின் ஒரு பகுதியை விற்று வந்த ஆறு லட்ச ரூபாயோடு பத்து லட்ச ரூபாய் கடனும் வாங்கி நான்கு வீடுகள் கட்டினார். வீட்டுக்கு 3,500 ரூபாய் வாடகை, முன்பணம் 10,000. மாதம் 14,000 ரூபாய் வரும். கடனுக்குப் பத்தாண்டுத் தவணை, நூற்றுக்குப் பத்து வட்டி. மாதத் தவணை 13,200 ரூபாயை ஒட்டியது. “தம்பி, வீடு தன் கடனைத் தானே கட்டிக்கொள்ளும், பத்து வருஷம் கழித்து எனக்குப் பென்ஷன்” என்று அப்போது என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

அவர் கணக்கை இப்போது பார்ப்போம். காகிதத்தில் மாதம் 800 ரூபாய், ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிஞ்சுகிறது. ஆனால் வீடு பன்னிரண்டு மாதமும் நிறைந்திருப்பதில்லை. ஒரு குடித்தனம் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, அடுத்த குடித்தனம் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். நான்கு வீடும் ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டுமே பூட்டிக் கிடந்தன என்று வைத்துக்கொண்டாலும் 14,000 ரூபாய் குறைகிறது. மிச்சம் என்றிருந்தது அந்த ஒரு செலவிலேயே பற்றாக மாறிவிட்டது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொடுத்தது, கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வண்டி வைத்து எடுத்தது, அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி ஆகியவை இன்னும் கணக்கில் சேரவில்லை. நான்கு வீட்டுக்கும் ஒரே மின் மீட்டர் வைத்திருந்தார். எல்லார் பயன்பாடும் சேர்ந்து மேற்படிக்கு ஏறியதால் கட்டண விகிதமும் ஏறியது. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் சலுகை வந்தபோது, தனித்தனி மீட்டர் வைத்திருந்தவருக்கு நான்கு முறை கிட்டிய சலுகை இத்தகையவருக்கு ஒருமுறைதான் கிட்டியது. கட்டும்போதே தனி இணைப்பு வாங்குவது எளிது. குடியேறிய பின் அலைச்சல் அதிகம்.

இவையெல்லாம் தாங்கக்கூடிய சங்கடங்கள்தாம். அவரைப் பட்டியலில் ஏற்றியது வேறொன்று. நான்கு வீட்டு முன்பணம் 40,000 ரூபாயைக் கொண்டு அவர் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்.

சங்க நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு இதன் பிழை உடனே விளங்கும். அங்கத்தினர் நம் சங்கத்தில் போடும் வைப்புத் தொகை ஐந்தொகையில் எந்தப் பக்கம் நிற்கிறது? பொறுப்புகளின் பக்கம். பணப் பெட்டியில் இருந்தாலும் அது சங்கத்தின் பணமன்று. கேட்ட அன்று திருப்பித் தர வேண்டியது. வைப்புத் தொகையை எடுத்துக் கட்டடத்துக்குக் கதவு போட்ட செயலாளரை நாம் சும்மா விடுவோமா? ஆனால் சொந்த வீட்டுக் கணக்கில் அதே காரியத்தை நம்மில் பலரும் செய்கிறோம். அட்வான்ஸ் என்று பெயரிட்டதாலோ என்னவோ, அது கைக்கு வந்த வருமானம் போலத் தோன்றிவிடுகிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. ஆலைகள் மூடின. தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாதென்று மத்திய அரசு அம்மாதம் 29-ஆம் தேதி உத்தரவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கூலியற்றவன் எதைக் கொடுப்பான்? கடன் தவணைகளைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கி முதலில் மே வரையிலும், பிறகு ஆகஸ்டு வரையிலும் அனுமதித்தது. தவணை நின்றதே ஒழிய வட்டி நிற்கவில்லை. ரயில் விட்டதும் அவருடைய குடித்தனக்காரர்கள் ஊர் திரும்ப மூட்டை கட்டினார்கள். புறப்படும் முன் முன்பணத்தைக் கேட்டார்கள். அந்த இளைஞர்களுக்கு வழிச்செலவுக்கு வேறு பணம் கிடையாது. நம்மவரோ மொழி தெரியாமல், கையில் காசும் இல்லாமல், தாம் போட்ட இரும்புக் கதவுக்கு அருகிலேயே தலை குனிந்து நின்றாராம். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு நாளில் கொடுத்துவிட்டார். வீடுகள் அதன்பின் பல மாதம் பூட்டிக் கிடந்தன.

இப்படிக் கூறும் நான் வேடிக்கை பார்த்தவன் மட்டுமல்லன். என் தகப்பனார் நெசவாளர். 2008-ஆம் ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தபோது, வீட்டின் முன் பகுதியை 75,000 ரூபாய்க்குப் போக்கியத்துக்கு விட்டார். வாடகை கிடையாது, மூன்றாண்டு முடிவில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பணம் கட்டணமாகவும் விடுதிச் செலவாகவும் கரைந்தது. இப்போதிருப்பவர் போகும்போது அடுத்து வருபவரிடம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பதே போக்கியத்துக்கு விடும் அனைவரின் கணக்கும். 2011-இல் குடியிருந்தவர் மகள் கல்யாணத்துக்காகத் தம் பணத்தைக் கேட்டார். அந்த ஐப்பசியில் முன் பகுதிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தகப்பனார் இரு தறிகளில் ஒன்றை விற்றார். ‘பட்டம் வாங்கிய கையோடு தறியைத் தின்றவன்’ என்று என் சித்தப்பா விளையாட்டாகச் சொல்வார். அதைக் கேட்டு எனக்கு இன்றும் சிரிப்பு வருவதில்லை.

நெசவாளர் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினராக இருப்பர். பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஓர் அங்கத்தினர் சங்க அலுவலகத்தில் என்னிடம் வந்து, கடன் வேண்டாம், ஒரு வீடு பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். மூன்று இடத்தில் மறுத்துவிட்டார்களாம். மூவரும் அதே சங்கத்தவர். காரணம் குழித்தறி. மிதிகட்டைக்காகத் தரையில் குழி தோண்ட வேண்டும். மழைக் காலத்தில் அதில் நீர் ஊறும். சுவரடியில் ஈரம் ஏறும். காலி செய்து போகும்போது தரை பாழாய்க் கிடக்கும் என்பது வீட்டுக்காரர் அச்சம். அச்சம் பொய்யன்று. ஆனால் குழி தோண்டாமல் அவர் எங்கே நெய்வார்? நெய்யாமல் வாடகை எப்படிக் கொடுப்பார்? மறுத்த மூவரில் ஒருவருடைய பாட்டனாரும் வாடகை வீட்டுக் குழியில் நெய்தவர்தாம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முடிவில் அவரே இடம் கொடுத்தார். சுவரிலிருந்து தள்ளிக் குழி தோண்டுவது, உள்ளே செங்கல் வைத்துச் சிமிண்டு பூசுவது, காலி செய்யும் போது முன்பணத்திலிருந்து இன்ன தொகையில் குழியை மூடித் தரை போடுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டனர். எழுதியதுதான் காரியத்தை முடித்தது. முகதாட்சண்யத்துக்காக வாய்ப் பேச்சாக விட்டிருந்தால், காலி செய்யும் நாளில் சங்க வாசலில் சண்டையாக வந்திருக்கும்; பஞ்சாயத்து செய்யும் வேலை எனக்கு வந்திருக்கும்.

எழுதுவதைப் பற்றிச் சொல்லும்போது சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நகரப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நம்மவரோ பதினொரு மாதமென்று முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை. வேறாகப் பேசிக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வெள்ளையடிப்பு, கட்டடப் பழுது, மின்கம்பி மாற்றம் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பென்றும், குழாய் வாசர், சுவிட்சு, பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பென்றும் அட்டவணையே இருக்கிறது. பாக்கி வைத்தவருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது குற்றம். கோபத்தில் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு, பிறகு வழக்கில் தாமே சிக்கிக்கொண்ட வீட்டுக்காரரை நான் அறிவேன்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது முன்பணத்தைத் தொடாமல் வைப்பதையே. வாங்கிய அன்றே கடன் சங்கத்தில் வைப்புத் தொகையாகப் போட்டு, ரசீதைக் குடித்தனக்காரருக்கும் காட்டிவிடலாம். வட்டி வீட்டுக்காரருக்கே சேரட்டும். அதோடு, பன்னிரண்டு மாத வாடகையைப் பத்து மாதம் என்றே கணக்கிட்டு, அந்தப் பத்துக்குள் தவணை அடங்குமாறு கடன் வாங்க வேண்டும். மேலே சொன்ன நான்கு வீட்டுக்கு இப்படிக் கணக்கிட்டால் மாதத்துக்குப் பதினோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம்தான் வரவு. பத்து லட்சக் கடன் அதில் அடங்காது. கடன் மனுவைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினரும் இந்தக் கணக்கைக் கேட்டுப் பார்த்தே மனுவை ஏற்க வேண்டும். இதுவரை அப்படிக் கேட்காததில் என் போன்ற ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும். முன்பணத்தையும் தொடக்கூடாது, கடனும் குறைவாக வாங்க வேண்டும் என்றால் ஏழை எப்படி நான்கு வீடு கட்டுவான் என்று ஒரு சங்கத் தலைவர் என்னிடமே கேட்டார். இரண்டு கட்டலாம் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. மனையின் மதிப்பு ஏறும்போது எல்லாம் சரியாகிவிடும் என்றார். மனை ஏறலாம், ஆனால் அடுத்த மாதம் ஐந்தாம் தேதித் தவணைக்கு அதில் ஒரு முழத்தை வெட்டிக் கொடுக்க முடியாதே!

பெருந்துறை அங்கத்தினரின் வீடுகளில் இப்போது குடித்தனங்கள் இருக்கின்றன. கடனின் தவணைக் காலம் நீட்டப்பட்டு, மாதத் தொகை குறைந்திருக்கிறது. சென்ற ஆய்வின்போது அவர் நான்கு வைப்பு ரசீதுகளை ஒரு மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வீட்டு எண்ணைப் பென்சிலால் எழுதியிருந்தார். மூன்றாம் வீட்டுக்காரர்கள் தீபாவளிக்குப் பின் ஊருக்குப் போகிறார்களாம். அந்த ரசீதை மட்டும் தனியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.