வழக்கேடுகள் பூட்டிக் கிடக்கலாமா?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ எந்தத் தோட்டத்து ஸ்டோருக்குள் நுழைந்தாலும், வாட்டிய கொழுந்தைப் பித்தளை வரம்புகள் பதித்த மேசையின்மேல் வட்டமிட்டு உருட்டிக்கொண்டிருக்கும் ரோலரின் ஓசை முதலில் காதில் விழும். யந்திரம் அதன் பிறகே கண்ணில் படும். லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867-ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் தமது பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்டச் செய்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. கையின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைத்த பின்னர், அந்த யந்திரம் யாருடைய மூளையில் உதித்தது என்பதைப் பற்றி நியாயஸ்தலங்களில் எத்தனை வியாஜ்யங்கள் நடந்தன என்பதைத்தான் நம்மில் மிகச் சிலரே அறிவார்கள்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஜாக்சன் 1870-களின் தொடக்கத்தில் அசாமில் தமது முதல் ரோலரை நிறுவினார். அவருக்கு முன்பே அத்தகைய யந்திரம் ஒன்றை வகுத்திருந்த கின்மண்ட் என்பவரும் அவரும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். பின்னர் இலங்கையில் எழுந்த மற்றொரு ரோலர் வழக்கு, பிரவுன் என்பவருக்கும் ஜாக்சனுக்கும் இடையே நம் நாட்டு நீதிமன்றங்களில் நடந்து, கடல் கடந்து, 1895-ஆம் ஆண்டு இலண்டன் பிரிவிக் கவுன்சிலில் முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட இந்தச் சச்சரவுகளை இன்று ஒருவர் நூலகத்தில் உட்கார்ந்தபடியே படித்து அறிய முடிகிறதென்றால், அன்றைய தீர்ப்புகளைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டுப் பொதுவில் வைத்த வழக்கமே அதற்குக் காரணம். ஆனால் கடந்த பத்தாண்டுகளில் இலங்கையில் ஆக்கவுரிமையைக் குறித்து, அதாவது பேட்டண்டைக் குறித்து, எத்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன, எந்தக் கண்டுபிடிப்பின்மேல் தொடுக்கப்பட்டன, எப்படி முடிந்தன என்று அதே மனிதர் கேட்டால், ஓரிடத்தில் திரட்டி வைத்த விடை அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. விக்டோரியா மகாராணி காலத்து வழக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நம் காலத்து வழக்கு எட்டாத தூரத்தில் இருப்பது விநோதமான நிலைமையே ஆகும்.

ஆக்கவுரிமை என்பது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தமது இரகசியத்தை முழுவதும் எழுதி உலகத்துக்கு வெளிப்படுத்த வேண்டும். அதற்குப் பிரதியாக, மற்றவர்கள் அதைச் செய்யாதபடி தடுக்கும் அதிகாரத்தை அரசாங்கம் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அவருக்கு அளிக்கும். இந்த ஏற்பாடு 1859-ஆம் ஆண்டிலிருந்து ஏதேனும் ஒரு சட்ட வடிவில் இலங்கையில் இருந்து வந்திருக்கிறது. இன்று நடப்பிலுள்ள 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்தக் காலத்தை 20 ஆண்டுகள் என்று விதிக்கிறது. பொதுஜனங்களின் சுதந்திரத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஒருவருக்குத் தருகின்ற அதிகாரம் இது. ஆகையால், அதை அவர் எங்கே, யார்மேல், எவ்வாறு பிரயோகிக்கிறார் என்பதை அறியும் பாத்தியதை அந்தப் பொதுஜனங்களுக்கு உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

இது கொழும்பு வக்கீல்களுக்கும் கம்பெனிகளுக்கும் உரிய விவகாரம், மலையகத்துக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஹட்டன் கடைவீதியில் கடைசல் யந்திரம் ஒன்றும் வெல்டிங் கருவி ஒன்றும் வைத்துத் தொழில் நடத்தும் ஒரு பட்டறைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையால் பல தோட்டங்களில் இப்போது கத்தரி கொண்டு கொழுந்து வெட்டுகிறார்கள். வெட்டிய கொழுந்து சிதறாமல் விழுவதற்கு அக்கத்தரியின் அலகோடு ஒரு தட்டு பொருத்தியிருக்கும். நம் பெண்களின் மணிக்கட்டு நோகாதபடி அதன் பிடியைச் சற்றே வளைத்து, தட்டின் பாரத்தைக் குறைத்து, அவர் புதிதாக ஒன்று செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வாங்கியதும், இது எங்கள் பேட்டண்டை மீறியது, உடனே நிறுத்தாவிட்டால் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுப்போம் என்று ஒரு கோரிக்கைக் கடிதம் வந்து சேர்கிறது.

அவர் அறிய வேண்டியவை மூன்று. அந்த ஆக்கவுரிமை இலங்கையில் பதியப்பட்டதுதானா என்பது முதலாவது. ஏனெனில் ஜப்பானிலோ இந்தியாவிலோ பெற்ற ஆக்கவுரிமை இங்கே செல்லாது, அந்தந்த நாட்டின் உரிமை அந்தந்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். உரியவர் ஆண்டுக்கட்டணத்தைத் தவறாமல் கட்டி அதை உயிரோடு வைத்திருக்கிறாரா என்பது இரண்டாவது. இதே உரிமையைக் காட்டி இவர் முன்பு யார்மேலேனும் வழக்காடினாரா, நீதிமன்றம் அதை ஏற்றதா, தள்ளியதா, அல்லது வழக்கு நடுவில் சமரசத்தில் முடிந்ததா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். மூன்றாவதை அறிய, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்தின் பதிவறை வரையில், வழக்கின் இலக்கம்கூடத் தெரியாமல் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கும் வக்கீலுக்கும் செலவழிப்பதைவிட, கத்தரி செய்வதை நிறுத்திவிடுவதே இலாபம் என்று அவர் தீர்மானித்தால், கடிதம் நியாயமானதா அநியாயமானதா என்பது பரிசீலிக்கப்படாமலேயே ஒரு நல்ல கருவி செத்துப்போகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளை எட்டிப் பார்க்கவும், செக்ரோலில் தன் பெயருக்கு நேரே எத்தனை கிலோ விழுந்தது என்று கேட்கவும் வாதாடிப் பழகிய ஜனங்களுக்கு, பதிவு யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே நியாயம் சாயும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவுகள் வெளியே வந்தால் விளையும் பிரயோஜனத்துக்குப் பக்கத்து நாடே சாட்சி. இந்தியச் சட்டப்படி ஆக்கவுரிமை பெற்றவர், தமது கண்டுபிடிப்பை நாட்டில் எவ்வளவு பயன்படுத்தினார் என்று 27-ஆம் எண் படிவத்தில் அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். புற்றுநோய் மருந்து ஒன்றைப் பேயர் கம்பெனி மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்றபோது, 8,880 ரூபாய்க்குத் தருவதாக முன்வந்த ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு 2012-ஆம் ஆண்டு மார்ச்சில், உரிமையாளரின் சம்மதமின்றியே அதைச் செய்யும் கட்டாய உரிமம் கிடைத்தது. நோயாளிகளின் தேவையில் மிகச் சிறு பங்குக்கே மருந்து வந்தது என்பதை நிலைநாட்ட உதவிய ஆதாரங்களுள், பேயர் தானே தாக்கல் செய்த அந்தப் படிவக் கணக்கும் ஒன்று. அத்தகைய படிவங்களைத் திரட்டி ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர், பலர் அதைத் தாக்கல் செய்யாமலும் அரைகுறையாகவும் விட்டிருந்ததைக் கண்டு, 2015-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு காகிதக் கட்டு, எண்ணிப் பார்க்க ஒருவர் முன்வந்ததும் நாட்டின் கொள்கையைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்தே மற்றொரு திருஷ்டாந்தம் உண்டு. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரண்டு தீப்பொறி பிளக்குகளை அமைக்கும் முறையைக் குறித்து பஜாஜ், டி.வி.எஸ். கம்பெனிகளுக்கிடையே 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், இடைக்காலத் தடை 2008-இல் விதிக்கப்பட்டு, 2009-இல் நீக்கப்பட்டு, அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவ்வகை வழக்குகள் இடைக்காலத் தடையைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன என்று மனம் வருந்திய அந்த நீதிமன்றம், விசாரணையை நாள்தோறும் நடத்தி நான்கு மாதங்களுக்குள் தீர்ப்பளிப்பதே முறை என்று வற்புறுத்தியது. அப்படியிருந்தும் அந்த விவகாரம் 2019-இல் சமரசத்தில்தான் ஓய்ந்தது. ஒரு வழக்கில் இவ்வாறு நேர்ந்தால் அது விதிவசம் எனலாம். நூறு வழக்குகளின் தொடக்க நாளையும் முடிந்த நாளையும் வரிசையாக எழுதி வைத்தால், பழுது எங்கே என்பது தானே வெளிப்படும்.

அமெரிக்காவில் அதுவே நிகழ்ந்தது. அங்கே மத்திய நீதிமன்றங்களின் வழக்கேடுகள் இணையத்தில் உண்டென்றாலும், பக்கத்துக்கு 10 சதம் வீதம் கட்டணம் செலுத்த வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் லெம்லி முதலியோர் அவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். பின்னர் அந்நாட்டு ஆக்கவுரிமை அலுவலகமே, 1963 முதல் 2015 வரை தொடுக்கப்பட்ட 74,000-க்கும் மேற்பட்ட வழக்குகளின் விவரத்தை இலவசமாக வெளியிட்டது. இத்தகைய கணக்குகளால்தான், 2015-இல் நாடு முழுவதிலும் தொடுக்கப்பட்ட ஆக்கவுரிமை வழக்குகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் டெக்சாஸ் மாநிலத்துக் கிழக்கு மாவட்டம் ஒன்றிலேயே குவிந்திருந்தது புலப்பட்டது. பொருளொன்றும் தாமே செய்யாமல், பேட்டண்டை மாத்திரம் வாங்கி வைத்துக்கொண்டு வழக்கைக் காட்டி மிரட்டியே பணம் பண்ணுவோருக்கு அது உகந்த இடமாக இருந்தது. எங்கே வழக்குத் தொடுக்கலாம் என்ற விதியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் இறுக்கிய பின்னர், அந்தக் குவியல் குறைந்தது.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. வியாபார இரகசியங்கள் வெளியாகிவிடும் என்பார்கள். இரகசியம் அடங்கிய சாட்சியத்தை நீதிபதி மூடி வைக்கலாம், வழக்கு ஒன்று நடந்தது என்பதை மூடி வைக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையை வைத்து நியாயத்தை அளக்க முடியாது என்பார்கள், இது உண்மைதான். பத்து வழக்குத் தொடுத்தவர் பத்துத் தடவையும் வஞ்சிக்கப்பட்டவராக இருக்கலாம். சமரசமான வழக்கில் யார் பக்கம் உண்மை என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. ஆகவே எண்ணிக்கையோடு முடிவின் விதத்தையும் பதிய வேண்டும், படிப்பவரும் அவசரப்படாமல் படிக்க வேண்டும். இலங்கையில் இத்தகைய வழக்குகளே சொற்பம், அதற்கு இத்தனை ஆடம்பரமா என்பார்கள். சொற்பமாக இருக்கும்போதே தொடங்குவதுதான் சுலபம். ஒரு குமாஸ்தாவும் ஒரு கணினியும் போதுமான காலத்தில் செய்யாத வேலை, பின்னால் ஓர் இலாகாவே திணறும் வேலையாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆக்கவுரிமை வழக்கு ஒன்று பதிவானவுடன், அதன் இலக்கம், தொடுத்த நாள், வாதி பிரதிவாதிகளின் பெயர்கள், ஆக்கவுரிமையின் இலக்கம், இடைக்கால உத்தரவுகள், முடிந்த நாள், முடிவின் விதம் ஆகியவற்றை வர்த்தக மேல் நீதிமன்றப் பதிவகம் புலமைச் சொத்து அலுவலகத்துக்கு அனுப்பட்டும். அவ்வலுவலகம் அந்த ஆக்கவுரிமையின் பதிவுக்கு நேரே அதைக் குறித்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், எவரும் கட்டணமின்றி எடுத்து எண்ணிப் பார்க்கக்கூடிய அட்டவணையாக வெளியிடட்டும். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் பகிரங்க அதிகாரசபைகளுள் சேர்த்திருப்பதால், இதற்கு வேண்டிய அஸ்திவாரம் ஏற்கெனவே இடப்பட்டிருக்கிறது.

1925-இல் தொடங்கப்பட்டு, இன்று தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், அந்த அட்டவணையிலிருந்து தேயிலைத் தொழிலுக்குரியவற்றைப் பிரித்து, காலாவதியானவை எவை, நடப்பில் உள்ளவை எவை, வழக்கில் தோற்றவை எவை என்று ஆண்டுதோறும் ஒரு தமிழ்ப் பிரசுரம் வெளியிடலாம். மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றிருப்பவர்கள் சம்பளத்துக்கும் காணிக்கும் குரல் கொடுப்பது அவர்களது முதற்கடமை. அந்தக் கடமைக்கு இடையூறின்றி, இந்த அட்டவணை எப்போது வரும் என்ற ஒரு கேள்வியையும் நீதி அமைச்சரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கலாம். அடுத்த கத்தரியையும் அடுத்த ரோலரையும் வகுக்கப் போகிறவர்களுள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டுமானால், எந்தப் பாதை அடைபட்டது, எது திறந்தது என்று காட்டும் ஏட்டை அவர்கள் கையில் முதலில் கொடுத்தாக வேண்டும்.