‘ஸ்டாக் வேண்டாம்’ என்ற டொயோட்டா, சிப்பை மட்டும் ஏன் சேர்த்து வைத்தது?

2021-ல் சிப் கிடைக்காமல் உலகம் முழுக்க கார் ஆலைகள் திணறின. புதுக் கார் புக் செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால், அந்த ஆண்டின் முதல் சில மாதங்களில் டொயோட்டாவுக்குப் பெரிய அடி இல்லை. வேடிக்கை என்னவென்றால், ‘சரக்கைக் குவித்து வைப்பது வீண் செலவு’ என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி அது. அதைக் காப்பாற்றியதோ, முன்கூட்டியே சேர்த்து வைத்த சரக்கு!

அந்தப் பாடத்தின் பெயர் ‘ஜஸ்ட் இன் டைம்’. எந்த பாகம் தேவையோ, எப்போது தேவையோ, எவ்வளவு தேவையோ, அவ்வளவு மட்டும் லைனுக்கு வர வேண்டும். டொயோட்டாவின் பொறியாளர் தாயிச்சி ஓனோ இதை வடிவமைத்தார். பணம் குடோனில் தூங்காது, பழுதான பாகம் உடனே தெரிந்துவிடும். லாபம் புரிந்ததும் ஊர் உலகமெல்லாம் காப்பி அடித்தது.

சிக்கல் முதலில் பெரிதாக வெடித்தது 1997 பிப்ரவரியில். பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வை டொயோட்டாவுக்கு ஏறக்குறைய முழுவதுமாகச் செய்து கொடுத்தது ஐசின் நிறுவனத்தின் ஒரே ஆலை. அங்கே தீப்பிடித்தது. டொயோட்டாவின் கையில் இருந்ததோ சில மணி நேர ஸ்டாக். ஜப்பானில் அதன் உற்பத்தி நின்றே போனது. மற்ற சப்ளையர்கள் ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சமாக வால்வு செய்து கொடுத்ததால், சில நாள்களிலேயே லைன் மறுபடி ஓடியது.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் அப்படி விடவில்லை. சிப் தயாரிக்கும் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை முடங்கியது. சப்ளையரைத் தெரியும், சப்ளையரின் சப்ளையர் யார், அவருக்குப் பொருள் கொடுப்பவர் யார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதன்பிறகுதான் டொயோட்டா அடிமட்டம் வரை யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தயாரித்தது. மாற்று கிடைக்கச் சிரமமான பாகங்களைப் பிரித்து, சிப் விஷயத்தில் 2 முதல் 6 மாதத்துக்கான ஸ்டாக் வைக்கச் சொன்னது. மற்ற பாகங்களுக்குப் பழைய முறையே தொடர்ந்தது.

இந்தக் கதையை எல்லோரும் இதுவரைதான் சொல்வார்கள். முக்கியமான விஷயம் அடுத்துதான் வருகிறது: அந்த ஸ்டாக்குக்கு யார் காசு கொடுத்தது? சப்ளையர்கள் ஒவ்வொரு ஆண்டும் விலையைக் குறைக்க வேண்டும் என்பது கார் துறையில் எழுதப்படாத சட்டம். அப்படிக் குறைத்ததில் ஒரு பங்கை டொயோட்டா திருப்பிக் கொடுத்தது. அதனால் சப்ளையருக்கு ஸ்டாக் வைப்பது கட்டுப்படியானது.

இது சர்வரோக நிவாரணி அல்ல. 2021 செப்டம்பரில் டொயோட்டாவும் திட்டமிட்ட உலக உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைக்க வேண்டி வந்தது. ஆனால், மூச்சுவிட அவகாசம் கிடைத்தது.

சென்னையைச் சுற்றியும் இதே ‘ஜஸ்ட் இன் டைம்’ பாணிதான். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் பெரிய ஆலைகள். அம்பத்தூர், திருமுடிவாக்கத்தில் சின்ன வெண்டர்கள். பெரிய ஆலையில் ஸ்டாக் இல்லையென்றால் அது காற்றில் கரைந்துவிடவில்லை. வெண்டரின் ஷெட்டில், அவர் வட்டி கட்டும் வங்கிக் கடனில் உட்கார்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததே, அப்போது நனைந்த சரக்கு யாருடைய கணக்கில் போயிருக்கும்?

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2006-ம் ஆண்டு சட்டப்படி, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டே கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால், இந்த 45 நாள் ஓடத் தொடங்குவதே வாங்குபவர் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகுதான். ‘கூப்பிடும்போது கொண்டு வா’ என்று வெண்டரிடமே காத்திருக்கும் சரக்குக்கு எந்தக் கெடுவும் கிடையாது.

அடுத்து எலெக்ட்ரிக் கார் வேறு. பிஸ்டனும் சைலன்சரும் அதற்குத் தேவையில்லை. வெண்டர் புது மெஷின் போட வேண்டும். ஆனால் எத்தனை பீஸ், எத்தனை வருஷம் வாங்குவோம் என்ற உத்தரவாதம் இல்லாமல் வங்கியில் எப்படிப் பேசுவார்?

‘ரெசிலியன்ஸ்’ பற்றி பிரசன்டேஷன் போடும் பர்ச்சேஸ் மேனேஜர்கள் ஆர்டரிலேயே இரண்டு வரி சேர்க்கலாம். வெண்டரிடம் எத்தனை நாள் ஸ்டாக் இருக்க வேண்டும், அதன் வட்டியிலும் இன்சூரன்ஸிலும் கம்பெனியின் பங்கு எவ்வளவு என்று. ஆண்டு விலைக்குறைப்புப் பேச்சு எப்படியும் நடக்கத்தான் போகிறது. அதே மேசையில் இதையும் பேசி முடிக்கலாம்.