யார் கையெழுத்து வைத்தது?

போன வருடம் எங்கள் போடிங்கில் மூன்றாவது மாடி கட்டத் தொடங்கினார்கள். நாங்கள் நாலு பேர், கீழ்மாடியில் இரண்டு அறைகள். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய மண்சுவர், முன்னால் இறங்கிப் போகும் சரிவு. கண்டியைச் சுற்றி முக்கால்வாசி வீடு இப்படித்தான் இருக்கிறது, அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மணல் வந்தது, கம்பி வந்தது, மிக்சர் வந்தது. ஒருநாள் எங்கள் அறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பும் வந்தது.

போடிங் அங்கிளிடம் கேட்டோம். “அங்கிள், மேல்மாடி கட்டுறதை இன்ஜினியர் யாராவது பார்த்தாங்களா?”

“எங்கட மேசன் பாஸ் பார்த்தவர். முப்பது வருஷமா வீடு கட்டுறார். பயப்படாதீங்க மகன்.”

“பிளான்?”

“பிளான் எல்லாம் இருக்கு.”

அந்த பிளான் இரண்டு மாடிக்கா மூன்று மாடிக்கா, யார் கீறினது, யார் கையெழுத்து வைத்தது என்று அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அறை போய்விடும். கம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில் இந்த வாடகைக்கு வேறு அறை கிடையாது. வெடிப்பு தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு கலண்டரை மாட்டினோம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். கண்டி மாவட்டம் எப்படி அடிபட்டது என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஊர்களில் இருந்தோம். திரும்பி வந்து கலண்டரைத் தூக்கிப் பார்த்தால், வெடிப்புக்குள் ஐந்து ரூபாய்க் குற்றி நுழைகிறது.

மகாவலிக்கு இக்கரையில் எங்கள் கலைப்பீடம், அக்கரையில் பொறியியற் பீடம். அக்பர் பாலத்தைத் தாண்டிப்போய், அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற நண்பனைக் கூட்டி வந்தோம். அவன் சுவரைப் பார்த்தான், வெளியே போய் மண்சுவரைப் பார்த்தான், மேலே ஏறித் தூண்களைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “எனக்கு இது நல்லதாப் படல்ல. ஆனா நான் இன்னும் இன்ஜினியர் இல்ல. பிரச்சினை இல்லன்னு சொல்லவும் எனக்கு உரிமை இல்ல, இடிஞ்சிரும்னு சொல்லவும் உரிமை இல்ல. பதிவுள்ள சிவில் இன்ஜினியர் ஒருத்தர் வந்து பார்க்கணும். அவர் எழுதித் தரணும்.”

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருடம் படித்துவிட்டு ஒரு சுவரைப் பற்றிக்கூடச் சொல்ல முடியாதா? ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இந்த விஷயத்தில் நாங்கள் பேசிய ஆட்களில் ஒழுங்காக நடந்துகொண்டது அவன் ஒருத்தன்தான் என்று பட்டது. தனக்கு எவ்வளவு தெரியும், தன் வார்த்தைக்கு எவ்வளவு பெறுமதி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

2020 செப்டெம்பர் 20, ஞாயிறு அதிகாலை. கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. ஒரு இளம் தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில். இடிபாட்டுக்குள் தேடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார், விசாரணைக்கு உத்தரவு வந்தது, பிறகு பேச்சு அடங்கியது. அதற்கு முன் 2017 மே மாதம் வெள்ளவத்தையில், 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸில். ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான்.

இப்படி ஒன்று நடந்ததும் நாங்கள் பேசுவதும் ஒரே மாதிரித்தான். முதலாளிக்குப் பேராசை என்போம். அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள் என்போம். ஒன்றும் இல்லாவிட்டால் மழை. “இதுக்குப் பொறுப்பான இன்ஜினியர் யார்? அப்படி ஒருத்தர் இருந்தாரா? இருந்தால் என்ன சொன்னார்?” என்று கேட்பவர்கள் குறைவு. பூவெலிகடவில் தப்பு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை, அது எங்கள் வேலையும் இல்லை. ஒரு கட்டடம் விழுந்த பிறகுதான் அதன் காகிதங்களைத் தேடுகிறோம் என்பதுதான் எங்கள் பிரச்சினை.

காகிதத்துக்கு இந்த நாட்டில் குறைவில்லை. கட்டுவதற்கு முன் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. பெரிய கட்டடம் என்றால் கட்டமைப்பைத் தகுதியுள்ள பொறியியலாளர் உறுதிப்படுத்த வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மலைநாட்டு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும், 2011இல் இருந்து அப்படி. கட்டி முடித்ததும் சி.ஓ.சி. என்று சொல்கிற இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் ஆட்களைக் குடியிருத்தக் கூடாது. ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு கையெழுத்து. ஆனால் எல்லாரும் கையெழுத்து வைத்தபின் பொறுப்பு யாரிடம் நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. பிளான் கீறினவர், “நான் கீறினது இரண்டு மாடிக்கு” என்பார். மேசன், “முதலாளி சொன்னார், கட்டினேன்” என்பார். முதலாளி, “எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்பார்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘லைசன்ஸ்’ என்ற ஒன்று தேவைப்படுகிறது. மருத்துவச் சபையில் பதிவில்லாத ஒருவர் ஊசி போட்டால் அவரைப் போலி டாக்டர் என்று பிடிக்கிறோம். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யாதவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் ‘இன்ஜினியர்’ என்ற சொல்லை இங்கே யாரும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கனகாலம் இருந்தது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1906இல் தொடங்கிய சங்கத்திலிருந்து வந்தது. அதற்கு ஒழுக்கக் கோவை உண்டு. பட்டம் எடுத்தவர் வருடக்கணக்கில் வேலை செய்து, அதைக் காட்டி, நேர்முகத்தில் தேறித்தான் அங்கே பட்டயப் பொறியியலாளர் ஆகலாம். ஆனால் சங்கத்தில் இல்லாதவரைச் சங்கம் என்ன செய்யும்? நாடு முழுவதற்கும் சட்டப்படி ஒரு பதிவேடு வந்தது 2017இல்தான். அந்த ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பொறியியல் பேரவையை உண்டாக்கியது. பட்டயப் பொறியியலாளர் தொடக்கம் தொழில்நுட்பவியலாளர் வரை, தொழில் செய்பவர்கள் அதில் பதிய வேண்டும்.

பூவெலிகட இடிந்தது அந்தச் சட்டம் வந்து மூன்று வருடம் கழித்து. சட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. பதிவேடு ஒரு அலுவலகத்தில் இருக்கிறது, எங்கள் சுவர் இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் யாரும் கேள்வி கேட்காவிட்டால் பதிவேட்டால் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

அறிவு இல்லாததும் காரணம் இல்லை. மண் எப்படி அமுங்கும், எப்படி வழுக்கும் என்பதில் உலகமே படிக்கிற வேலையைச் செய்தவர்களில் ஒருவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1963இல் அவர் எழுதிய கட்டுரை மண் பொறிமுறையின் அடிப்படைகளில் ஒன்று. அவர் பேராதனையில் படிப்பித்தவர், பொறியியற் பீடாதிபதியாக இருந்தவர், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். அப்படிப்பட்ட பீடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் நாங்கள் வெடிப்பைக் கலண்டரால் மறைக்கிறோம்.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் பொறியியல் முடிப்பவர்கள் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் போடுவார்கள். அங்கே படித்த எங்கள் உறவுக்காரப் பிள்ளைகளின் கையில் பார்த்திருப்பீர்கள். 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தப் பாலத்தின் இரும்பில்தான் மோதிரம் செய்தார்கள் என்பது கதை, உண்மை இல்லை. ஆனால் செய்கிற வேலையின் பாரத்தை மறக்கக் கூடாது என்பதற்குத்தான் மோதிரம்.

அதே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் எலியட் லேக் நகரில், 2012 யூன் 23 அன்று ஒரு கடைத்தொகுதியின் கூரை உடைந்து விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கூரைக்கு மேலே வாகனத் தரிப்பிடம். வருடக்கணக்காகத் தண்ணீர் ஒழுகி, உள்ளே இருந்த உருக்கு துருப்பிடித்திருந்தது. இடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் ஒரு பொறியியலாளர் வந்து பார்த்து, கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்திருந்தார். உரிமையாளர் கேட்டதற்காக அறிக்கையை மாற்றியிருந்தார் என்பதும், வேறொரு விஷயத்தில் அவருடைய அனுமதிப்பத்திரம் ஏற்கெனவே பறிபோயிருந்தது என்பதும் பிறகு விசாரணையில் வெளியே வந்தன. குற்றவியல் வழக்கில் 2017இல் அவர் விடுவிக்கப்பட்டார். லைசன்ஸ் முறை நன்றாக இயங்கும் நாட்டிலேயே இப்படி. முதலாளி கேட்கிறார் என்பதற்காக ஒரு வரியை மாற்றுவதா இல்லையா என்ற அந்த நேரத்தில் சட்டம் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. அந்த மனிதர் மட்டும்தான் நிற்கிறார்.

பொறியியல் ஒழுக்கம் என்று புத்தகத்தில் பெரிதாக எழுதுவது கடைசியில் ‘முடியாது’ என்ற ஒரு சொல்லாகத்தான் எங்களுக்குத் தெரிகிறது. காசு தருகிறவரிடம் அதைச் சொல்ல வேண்டும். டாக்டருக்கு முன்னால் நோயாளி இருக்கிறார், முகம் தெரியும். பொறியியலாளருக்குக் காசு தருகிறவர் முதலாளி. சுவருக்குள் படுக்கிறவர் வேறு ஆள், அவரை இவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். பார்க்காத அந்த ஆளுக்காகப் பேசுவதற்குத்தான் அவருக்கு அனுமதிப்பத்திரம்.

ஆனால் ‘முடியாது’ என்று சொல்கிறவரை நாங்கள் காப்பாற்றுகிறோமா? ஒரு சபையில் வேலை செய்கிற இளம் பொறியியலாளர் ஒரு ஹோட்டல் பிளானை நிறுத்தினால் அவருக்கு என்னென்ன தொலைபேசி அழைப்பு வரும் என்று இந்த நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இடமாற்றம் வரலாம். அந்த வேலையை வேறொருவர் முடித்துக்கொடுக்கலாம். “ஒழுக்கமாக இரு” என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு மற்ற எல்லாரும் ஒதுங்கிக்கொள்வது நியாயம் இல்லை. மறுத்தவருடைய காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை மீறி அனுமதி கொடுத்தால், மீறியவர் தன் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி எங்களுக்குள்ளேயே வந்தது. எங்களில் ஒருத்தி தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள். அவள் கேட்டாள்: “எங்க அப்பா ஒரு அறை கூட்டிக் கட்டுறதுக்கும் சார்ட்டர்ட் இன்ஜினியரைக் கூப்பிடணுமா? அவருக்குக் குடுக்குற காசுக்கு கூரையே போட்டுருவோம்.” நியாயமான கேள்வி. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற மூன்று மாடியையும், குடும்பத்துக்கு ஒரு அறை போடுகிறவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் சரிவு இரண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் இழுக்கும். அதனால் காசில்லாதவருக்கு அந்தப் பார்வையை அரசு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. தொலைவில் கிடக்கும் மலைச்சரிவில் வீடு கட்டச் சொல்லிவிட்டு, பிறகு “ஏன் அங்க கட்டின?” என்று கேட்பதை இந்த மலைநாடு போதுமான அளவு பார்த்துவிட்டது.

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கட்டுகிற இடத்தில் ஒரு பலகை: எத்தனை மாடிக்கு அனுமதி, பொறுப்பான பொறியியலாளர் பெயர், பதிவு இலக்கம். சிங்களத்திலும் தமிழிலும். கட்டி முடித்ததும் போடிங், ஹோட்டல், மண்டபம் எதுவானாலும் இணக்கச் சான்றிதழின் பிரதி வாசலில் தொங்க வேண்டும், கடைகளில் வியாபார உரிமம் தொங்குகிற மாதிரி. பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குப் போடிங் காட்டும்போது அந்தக் காகிதத்தையும் கேட்க வேண்டும்.

இதைக் கலைப்பீடத்துக்காரர் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் பீடத்தில்தான் மெய்யியல் துறையும் சட்டத்துறையும் இருக்கின்றன. கடமை என்றால் என்ன, பொறுப்பு யாருடையது என்று விரிவுரை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் எழுதுகிறோம். அறைக்கு வந்து சுவரைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறோம். வாடகை கூடிவிடும், அறை போய்விடும் என்று பயந்து கேட்காமல் விட்டது எங்கள் தப்பு. அங்கிளைக் கெட்டவராகக் காட்டவும் விருப்பமில்லை. அவரும் கீழ்மாடியில் குடும்பத்தோடுதான் இருக்கிறார். அவரிடமும் யாரும் கேட்டதில்லை.

போன கிழமை நாலு பேரும் சேர்ந்து போய் மறுபடி கேட்டோம். பதிவுள்ள ஒரு பொறியியலாளர் வந்து பார்க்கட்டும், அதற்கான காசில் பாதி நாங்கள் தருகிறோம் என்றோம். அங்கிள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வந்து கூடாதுன்னு சொன்னா?” என்று கேட்டார்.

அப்படிச் சொல்லக்கூடிய ஒருவர்தான் வர வேண்டும் என்றோம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். கலண்டரைக் கழற்றிவிட்டோம். வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். கூடினால் அறையை விட்டுவிடுவோம். உங்கள் போடிங்கிலும் ஒருதடவை கேட்டுப் பாருங்கள்.